விரும்பிய வேலைக்கு ஒரு வழித்துணை



கெடா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. எங்கள் பள்ளித் திடலில் பொழுது சாய்ந்த பிறகு நின்று பார்த்தால், செம்பனை மரங்களுக்கு அப்பால் வானத்தின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். அது கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் வெளிச்சம். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகள் இரவு பகல் பாராமல் இயங்குகின்றன. எங்கள் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். "பெரியவனானதும் அங்கேதான் சார் வேலை செய்வேன்" என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஆசையோடு சொல்வார்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் பூங்காவுக்கு மோட்டார் சைக்கிளில் போனால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தூரத்தைக் கடப்பதற்கு என் மாணவன் ஒருவனுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அவற்றுள் இரண்டு ஆண்டுகள் வீணாகப் போனதற்கு நானும் ஒரு காரணம். அந்தக் கதையைச் சொல்லி, அதன் மூலம் இன்று வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய சில கருத்துகளை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அந்த மாணவனின் பெயர் வேண்டாம். அவன் தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். படிப்பில் கெட்டிக்காரன். படிவம் ஐந்தை முடித்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்து, 2014ஆம் ஆண்டு மின்னணுப் பொறியியலில் டிப்ளோமா பெற்றான். சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். கூலிமில் உள்ள ஒரு பெரிய தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி, "அங்கே எப்படியாவது சேரவேண்டும் சார், என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விண்ணப்பம் போட்டுவிட்டுப் பொறுமையாக இரு. திறமை இருந்தால் வேலை உன்னைத் தேடி வரும்" என்றேன். எனக்கு என் ஆசிரியர் சொன்னதும் அதுதான். அரசாங்க வேலைக்கு மனுச் செய்து, கடிதம் வரும் வரை காத்திருந்து, கடிதம் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வழியை அவனுக்கும் காட்டினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள், என் வண்டிக்கு எண்ணெய் போட நின்றேன். கல்லாவில் இருந்தவன் அவன்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த இரண்டு ஆண்டுகளில் இணையத்தின் வழியாக அறுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பியிருக்கிறான். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. "பொறுமையாகத்தான் சார் இருக்கிறேன்" என்றான். அந்தச் சொல் இன்றளவும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேயர்களே, அவனுக்கு என்ன குறை? படிப்பு இருந்தது, ஒழுக்கம் இருந்தது, முயற்சியும் இருந்தது. அந்தத் தொழிற்சாலைக்குள் இருக்கும் ஒருவரையாவது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதுதான் குறை. எப்பொழுது ஆள் எடுக்கிறார்கள், எந்தப் பிரிவில் எடுக்கிறார்கள், எதைத் தெரிந்தவனை விரும்புகிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. அவன் அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தோட்டத்தில் யாருக்குமே தெரியாது.

இது ஒரு தனிமனிதனின் குறையன்று. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் முன்னோர்கள் இந்த மண்ணுக்கு வந்ததே பழக்கத்தின் மூலமாகத்தான். ஏற்கனவே மலாயாத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த கங்காணி, உரிமம் பெற்றுத் தம் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் ஊராரையும் கூட்டி வந்தார். தொழில்நுணுக்கம் தெரியாத தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தடை செய்யும் வரை இம்முறை நீடித்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் குடியமர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்ததே நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது. அன்புக்கும் ஆபத்துக்கும் அந்த லயத்தைப் போல் துணை வேறில்லை. ஒரு வீட்டில் துக்கம் என்றால் பத்து வீட்டில் அடுப்பு எரியாது. ஆயினும், வெளியுலகச் செய்தி என்று வரும்பொழுது அந்த வட்டத்துக்குள் புதிதாக ஒன்றும் வந்து சேர்வதில்லை.

இதையே ஓர் ஆராய்ச்சியாளர் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார். மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள நியூட்டன் என்னும் ஊரில், அண்மையில் வேலை மாறியிருந்த நிபுணர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள், நிர்வாகிகள் ஆகியோரை விசாரித்தார். அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 56 பேர் தெரிந்தவர் மூலமாகவே அந்த வேலையைப் பற்றி அறிந்திருந்தார்கள். அப்படி வழிகாட்டிய அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அடுத்துக் கேட்டார். வாரம் இரண்டு முறையாவது சந்தித்தோம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்பொழுதாவது சந்திப்போம் என்றவர்கள் ஏறத்தாழ 56 பேர். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தோம் என்றவர்கள் ஏறத்தாழ 28 பேர். இதை வைத்து அவர் 1973ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. நெருங்கியவர்களைவிடச் சற்றுத் தூரத்தில் இருப்பவர்களே புதிய செய்தியைக் கொண்டுவருகிறார்கள் என்பது அதன் சாரம்.

அது பழைய காலம், இன்று கணினி வந்துவிட்டதே என்று நீங்கள் நினைக்கலாம். 2022ஆம் ஆண்டு, லிங்க்டுஇன் என்னும் தொழில்முறை இணையத் தளத்தைப் பயன்படுத்தும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆண்டுகளாகக் கவனித்து நடத்திய ஓர் ஆய்வு 'சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. அதுவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. வேலை மாறுவதற்கு மிக நெருங்கியவர்களும் அவ்வளவாக உதவுவதில்லை. முன்பின் தெரியாதவர்களும் அவ்வளவாக உதவுவதில்லை. ஓரளவு பழக்கமுள்ளவர்களே மிகுதியாக உதவுகிறார்கள்.

அப்படியானால், அந்த ஓரளவு பழக்கமுள்ளவர் எங்கே இருக்கிறார்? நம் பக்கத்திலேயே இருக்கக்கூடும். நாம்தான் கவனிப்பதில்லை.

எண்ணெய் நிலையத்தில் அவனைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும்பொழுது, தோட்டச் சந்திப்பில் தொழிற்சாலைப் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைமுறையில் ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்து அது. பல ஆண்டுகளாக அதே இடத்தில் அதை நான் பார்த்து வருகிறேன். ஓட்டுநர் ஒரு மலாய்ப் பெரியவர். சாப்பாட்டுக் கடையில் எதிர்ப்பட்டால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்று நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன். "பாக் சிக், என் மாணவன் ஒருவன் இருக்கிறான். உங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை எப்படிப்பட்டது என்று அவனுக்குச் சொல்லக்கூடியவர் யாராவது இந்தப் பேருந்தில் வருகிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் சற்றும் யோசிக்கவில்லை. "பின்னால் மூன்றாவது இருக்கையில் ஒரு சீனப் பெண்மணி வருவார். பதினைந்து வருட அனுபவம். அவரும் பாலிடெக்னிக்கில் படித்தவர்தான். நான் கேட்டுப் பார்க்கிறேன், சீக்கு" என்றார். மூன்றே நாளில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது நிமிடம் பேசலாம் என்று அந்தப் பெண்மணி சொல்லி அனுப்பியிருந்தார்.

இதைக் கேட்டபொழுது எனக்கு மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுதியாக இருந்தது. தினந்தோறும் என் கண்ணெதிரே போய் வந்த பேருந்து அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டிருக்கலாமே!

நேயர்களே, அந்தச் சந்திப்புக்குப் போகும் முன் அவனிடம் ஒன்றை வற்புறுத்திச் சொன்னேன். "தம்பி, அவரிடம் வேலை கேட்காதே. வேலையைப் பற்றிக் கேள்." இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. வேலை கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்டால் அவர் சங்கடப்பட்டு ஒதுங்கிக்கொள்வார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் மனமுவந்து சொல்வார். தம் தொழிலைப் பற்றி அக்கறையோடு கேட்கும் இளைஞனிடம் பேச விரும்பாத தொழிலாளி அரிது.

அவன் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனான். உங்கள் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? புதிதாக வருகிறவர்களிடம் நீங்கள் காணும் குறை என்ன? இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள நான் யாரைப் பார்க்கலாம்? இவையே அந்த மூன்று கேள்விகள்.

பதில் சொல்வதற்கு முன் அந்தப் பெண்மணி அவனிடம் ஒரு கேள்வி கேட்டாராம். "இரவு மூன்று மணிக்கு இயந்திரம் நின்றுவிட்டது. முதலில் நீ எதைப் பார்ப்பாய்?" அவன் மின்சுற்றைக் கழற்றிச் சோதிப்பேன் என்று படித்ததைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, "முதலில் திரையில் என்ன எச்சரிக்கை வந்திருக்கிறது என்று படி. அடுத்து, உனக்கு முன் வேலை பார்த்தவர் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார். திருப்புளியை எடுப்பது கடைசியில்" என்றார். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

பிறகு அவனுடைய குறைகளை ஒன்றொன்றாக எடுத்துச் சொன்னார். நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் ஆங்கிலத்தில் எழுத அவனுக்கு வரவில்லை. அடுத்த முறைக்காரரிடம் இயந்திரத்தை ஒப்படைக்கும்பொழுது அது இன்றியமையாதது. உற்பத்தியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் படிக்கத் தெரியவில்லை. மூன்றாவது குறைதான் எங்கள் இருவரையும் திகைக்க வைத்தது. தன்விவரக் குறிப்பில் பாடங்களையும் மதிப்பெண்களையும் எழுதியிருந்தான். பாலிடெக்னிக்கில் படிக்கும்பொழுது தொழிலியல் பயிற்சிக்குப் போன இடத்தில், அடிக்கடி நின்றுபோன ஓர் இயந்திரத்தின் உணர்கருவியைத் தானே சரி செய்திருந்தான். அதை எழுதவே இல்லை. "இதை ஏன் மறைத்தாய்?" என்று கேட்டாராம். "அது சின்ன வேலைதானே, மேடம்" என்றானாம். செய்ததைச் சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வைத்திருக்கிறோம். பொய்யைச் சொன்னால் அது தற்பெருமை. உள்ளதைச் சொல்வது தகவல்.

அடுத்த நான்கு மாதங்கள் அவன் இரவு நேரங்களில் இவற்றைக் கற்றான். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்மணிக்கு வாட்ஸ்அப்பில் சிறு செய்தி ஒன்று அனுப்புவான். "நீங்கள் சொன்னபடி இதைப் படித்துவிட்டேன்; இந்த இடம் விளங்கவில்லை" என்று இரண்டு வரி. அவ்வளவுதான். ஆலோசனை கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் பலர். கேட்டபடி செய்து, செய்ததைத் திரும்ப வந்து சொல்கிறவர்கள் சிலர். அந்தச் சிலரைத்தான் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தெரிந்தவராக இருந்த ஒருவர் வழிகாட்டியாக மாறுவது இப்படித்தான். "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை.

பிறகு அந்தத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தோட்டமே மகிழ்ந்தது. அவனுடைய தாயார் கோயிலில் அர்ச்சனை செய்தார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. அனுபவமுள்ள வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அவனும் தளர்ந்தான். ஆயினும் வழக்கம்போல் அந்தப் பெண்மணிக்குச் செய்தி அனுப்பினான். அவர் தந்த பதில் அவனுடைய பாதையை மாற்றியது. பெரிய தொழிற்சாலைகளில் உள்ள இயந்திரங்கள் அனைத்தையும் அவர்களே பராமரிப்பதில்லை. இயந்திரங்களை விற்ற நிறுவனங்களும் குத்தகை நிறுவனங்களும் தங்கள் ஆட்களை உள்ளே அனுப்பிப் பராமரிக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆள் தேவைப்படுவதாகவும், அதன் மேற்பார்வையாளரைத் தமக்குத் தெரியும் என்றும் அவர் சொன்னார். 2017ஆம் ஆண்டு அந்தச் சிறு நிறுவனத்தில் அவன் சேர்ந்தான். சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம். ஆனால் வாரத்தில் நான்கு நாள், தான் கனவு கண்ட அதே தொழிற்சாலைக்குள் தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில் நின்று வேலை செய்தான். அங்குள்ளவர்கள் அவனுடைய வேலையைக் கண்ணால் பார்த்தார்கள். அவன் எழுதிய குறிப்புகளைப் படித்தார்கள். 2018ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலையில் ஓர் இடம் காலியானபொழுது, விண்ணப்பம் போடும்படி அவர்களே அவனிடம் சொன்னார்கள். எல்லாரையும் போல் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் எழுதித்தான் அவன் உள்ளே போனான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். "இதுவும் 'கேபிள்' தானே, வாத்தியாரே?" என்று சிலர் கேட்பீர்கள். நம் நாட்டில் செல்வாக்கைப் பிடித்துக் காரியம் சாதிப்பதற்குக் 'கேபிள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதனாலேயே நேர்மையான குடும்பங்கள் யாரிடமும் எதையும் கேட்கக் கூசுகின்றன. எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. இப்பொழுது நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். தகுதியில்லாதவனைத் தேர்வு இல்லாமலே உள்ளே தள்ளிவிடுவது செல்வாக்கு. அதனால் தகுதியுள்ள ஒருவனின் இடம் பறிபோகிறது. தகுதியுள்ளவன் தேர்வு நடக்கும் இடத்துக்கு வந்து சேர வழி சொல்வது அறிமுகம். அதனால் யாருடைய இடமும் பறிபோவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அறிமுகம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. சித்தப்பா பொறியாளராக இருப்பார். அத்தை வங்கியில் அதிகாரியாக இருப்பார். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. அவன் வெளியே போய்க் கேட்டால்தான் உண்டு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது வீண்போகவில்லை.

பல பெரிய நிறுவனங்கள், தங்கள் ஊழியர்களே தகுந்த ஆட்களைப் பரிந்துரைக்கும்படி வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கின்றன. பரிந்துரைத்தவர் வேலையில் அமர்ந்தால் ஊக்கத்தொகையும் தருகின்றன. ஆகவே அறிமுகம் பெறுவது குற்றமன்று. பெரியவர்களின் துணையைத் தேடிக்கொள்வது நம் மரபுக்கும் புதிதன்று. திருவள்ளுவர் திருக்குறளின் 45ஆம் அதிகாரத்துக்கே பெரியாரைத் துணைக்கோடல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

இனி, வேலை தேடும் இளைஞர்கள் இன்றே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, உங்களுக்கு ஓரளவு தெரிந்த இருபது பேரின் பெயரை எழுதுங்கள். நெருங்கிய நண்பர்களை எழுத வேண்டாம். பழைய விரிவுரையாளர், தொழிலியல் பயிற்சியில் மேற்பார்வையிட்டவர், உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு படித்து முடித்தவர், பந்து விளையாட வரும் வேற்றூர்க்காரர், பேருந்து ஓட்டுநர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று எழுதுங்கள். அவர்களில் மலாய்க்காரர், சீனர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால், உங்கள் வட்டம் குறுகியிருக்கிறது என்று பொருள். பல இனத்தவரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் போக விரும்புகிறவன், பல இனத்தவரோடும் பழகத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, போகும் முன் தயார் செய்துகொள்ளுங்கள். அந்த நிறுவனம் எதைச் செய்கிறது, யாருக்கு விற்கிறது என்பதையாவது படித்துவிட்டுப் போங்கள். இருபது நிமிடம் கேட்டால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். அன்று மாலைக்குள் நன்றி சொல்லுங்கள்.

மூன்றாவது, பொதுவழியையும் விட்டுவிடாதீர்கள். சொக்சோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜோப்ஸ்' இணையத் தளத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். விண்ணப்பமும் வேண்டும், அறிமுகமும் வேண்டும்.

நான்காவதாக, ஓர் எச்சரிக்கை. உண்மையான அறிமுகத்துக்கு விலை கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன், முதலில் பணம் கட்டு என்பவர், அல்லது கடப்பிதழைக் கொடுத்துவிடு என்பவர் உங்கள் நண்பர் அல்லர். அதிகச் சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியா, மியன்மார் போன்ற நாடுகளுக்குப் போய், மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த மலேசியர்களைப் பற்றி 2022ஆம் ஆண்டு செய்தித்தாள்களில் நிறையப் படித்தோம். அவர்களுள் சிலரை அழைத்தவர்கள் தெரிந்தவர்கள்தாம். எனவே, யார் சொன்னாலும், அந்த நிறுவனத்திடமே நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஊரார் வாசலில் போய் நிற்காதே" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். கடன் கேட்கப் போவதும் அறிவு கேட்கப் போவதும் ஒன்றல்ல.

நிறைவாக, என் கடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் சான்றிதழோடு என்னைப் பார்க்க வந்த அதே 2014ஆம் ஆண்டு, கணக்கியலில் டிப்ளோமா முடித்த ஒரு மாணவியும் வந்தாள். அவளுக்கும் பொறுமையாக இரு என்றுதான் சொன்னேன். அவள் சொன்னபடியே பொறுமையாக இருந்தாள். பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நின்றாள். பிறகு திருமணமாகிப் போய்விட்டாள். சென்ற ஆண்டு அவள் தன் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க எங்கள் பள்ளிக்கே வந்தாள். என்னிடம் அன்போடுதான் பேசினாள். என்னால்தான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு நான் ஒரு குறிப்பேடு போட்டேன். எங்கள் பள்ளியில் படித்துப் போனவர்கள் யார் யார், எங்கே, என்ன வேலை செய்கிறார்கள், இளையவர்களோடு பேசச் சம்மதிப்பார்களா என்று விசாரித்து, சம்மதித்தவர்களின் பெயர்களை எழுதி வருகிறேன். இப்பொழுது அதில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. தாதி இருக்கிறார், கப்பலில் வேலை செய்பவர் இருக்கிறார், சுங்கத் துறையில் இருப்பவர் இருக்கிறார். கணக்காளர் அலுவலகத்தில் இருக்கும் ஒருவரின் எண்ணை அந்த மாணவியிடம் கொடுத்தேன். காலம் கடந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. எண்ணை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பகுதி நேரமாகக் கணக்கு எழுதும் வேலை ஒன்றை இப்பொழுது பார்த்து வருகிறாள்.

நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் இப்படி ஒரு குறிப்பேடு வைத்தால் என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை எடுத்துச் செய்யலாமே! செலவு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைதான்.

நான் சொன்ன அந்த மாணவன், விடுமுறை நாள்களில் எங்கள் பள்ளிக்கு வருகிறான். படிவம் ஐந்து முடித்த பிள்ளைகளைத் திடலில் உட்கார வைத்து, "இரவு மூன்று மணிக்கு இயந்திரம் நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்கிறான். பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுக்கிறான். முதல் சம்பளம் வாங்கியபொழுது அவன் ஒரு பழக்கூடையை அந்தச் சீனப் பெண்மணியின் வீட்டுக்கும், இன்னொன்றைப் பேருந்து ஓட்டுநரின் வீட்டுக்கும் கொண்டு போய்க் கொடுத்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் இருக்கும் நேயர்களே, நாளை ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி உங்கள் முன் வந்து நின்றால், அவனுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வேலை தேடும் இளைஞர்களே, நாளைக் காலையில் ஒருவரிடமாவது கேளுங்கள்.